நாற்பத்தொன்றாவது போலீஸ்காரர்

தேன்கனிக்கோட்டையில் பனி விலக மணி ஒன்பதாகும்.
ஷட்டருக்குள் நாங்கள் ஏழு பேர்.
உடம்பு ஒரு மூட்டை, தொப்பி ஒரு மூட்டை,
மூக்குகள் தனியாக, பிஸ்கட் டப்பாவில்.

முதலில் விலாவைத் தைக்கணும்,
மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம்.
நடுவே விட்ட சந்தில்
ஒரு பக்கம் பிடி வெளிவரும்,
மறுபக்கம் மூக்கு.
போலீஸ்காரர் மூக்கு இல்லை, ஜாடி மூக்கு.
இது விளங்கவே எனக்கு இரண்டு நாள்.

டீக்குச் சட்டை எதுக்கு என்று கெம்பம்மா கேட்டாள்.
"ஆறாமல் இருக்க."
ஆறுவதற்குள் குடித்துவிட்டால் என்ன?
பதில் இல்லை.

அளவுக்கென்று வந்த பீங்கான் ஜாடி
செவ்வாய்க்கிழமையே உடைந்தது.
யார் கை தட்டியது என்று யாரும் சொல்லவில்லை,
நானும்தான்.
அன்றிலிருந்து
ஷம்ஷாத்தின் எட்டு மாதப் பிள்ளை தலைதான் அளவு.
பிடிச் சந்தில் ஒரு காது,
மூக்குச் சந்தில் ஒரு காது.
சரியாக வந்தால் பாஸ்.

நாற்பது போலீஸ்காரர்கள் பெட்டிக்குள் போனார்கள்.
நாற்பத்தொன்றாவதைக் கழற்றினால் வீறிடுகிறான்.
மீசை கோணல் வேறு.
"என் கூலியில் பிடிச்சுக்கோங்க" என்றாள் ஷம்ஷாத்.
நாகவேணி பேனாவைத் திறந்து,
அவன் காதைப் பார்த்து,
ஜாடியோடு சேர்த்து எழுதினாள்:
உடைந்தது, இரண்டு.