மூன்றாவது பத்தி

வின்ச் ஏறி வந்த கம்பளியில்
இன்னும் கிரீஸ் வாடை.
முத்துக்குழி வயலில்
காற்று நமக்கு முன்பே எழுந்துவிடும்.
பெயரில்தான் வயல். ஏர் கண்ட மண்ணில்லை.
முழங்கால்வரை நனைந்து
தட்டுகளை எண்ணப் போகிறேன்.

சோலை முடிகிற இடத்திலிருந்து புல்லுக்குள்
ஐந்தடி, இருபதடி, அறுபதடி.
ஒவ்வொரு தட்டிலும் நேற்று அந்தியில்
பத்து நாவல்கொட்டை, பத்து குளமாவு.
பாதித் தட்டுகளுக்குக் கம்பிவலைக் கூண்டு.
மீதி திறந்தபடி, கல்யாணப் பந்திபோல.

ஐந்தடியில் மிச்சம் பதினொன்று.
இருபதில் மூன்று, ஒன்றில் பல் பதிந்திருக்கிறது.
அறுபதில் தோடு மட்டும்.
"இது தட்டில்ல மக்கா, ரேஷன்கடை"
என்கிறாள் மரியஜெசின்,
கணக்கு நோட்டை மழைக்கோட்டுக்குள் செருகியபடி.

தீ வைப்பாரில்லை, மாடு மேய்ப்பாரில்லை,
பிறகும் இந்தப் புல் ஏன் புல்லாகவே இருக்கிறது?
இதைக் கேட்கத்தான் மலையேறினோம்.
விடை
துணிப்பையோடு சேர்த்து முப்பத்தொரு கிராம்.
பைக்குள்ளிருந்து அதன் நெஞ்சு
என் கட்டைவிரலில் தைத்துக்கொண்டே இருந்தது,
மிஷின் தையல்.
வால் நுனியில் ஒரு பொட்டு
ஜெசினின் ஊதா நகப்பூச்சு வைத்து
இறக்கிவிட்டேன்.
திரும்பிப் பார்க்கவில்லை. எலிகள் பார்ப்பதில்லை.

எனக்கு எல்லை என்றால் வேறு அர்த்தம்.
கடையாலுமூட்டில் மூன்று சென்ட்.
சித்தப்பா ஆண்டுக்கொரு ரப்பர்க்கன்றாக நட்டு
எங்கள் பக்கம் நகர்ந்தார்.
பகலில் கல் நடுவோம், இரவில் அது நடக்கும்.
குழித்துறை கோர்ட்டில் பதினோரு வருடம்,
அதற்குள் வக்கீல்கள் இருவர் செத்தாயிற்று.

இங்கே கல் கிடையாது.
ஒவ்வொரு பருவமும் சோலை
கூடைகூடையாய்க் கொட்டையெறிந்து வழக்குப் போடுகிறது.
புல்லுக்காக ஆஜராக யாருமில்லை.
இரவில் ஒரு பிராணி வந்து
மனுவைத் தின்றுவிட்டுப் போகிறது.

பதினேழாம் நாள் ஊதாவைக் காணோம்.
பாறைமேல் ஆந்தை உமிழ்ந்த மயிருருண்டை.
ஈரம் காயுமுன் பிரித்தேன்:
தாடையெலும்பு, மஞ்சள் பல்,
ஒரு கடுகளவு ஊதா.
ஜெசின் தன் நகங்களைப் பார்த்துவிட்டுக்
கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

ஐப்பசி அடைமழை நின்ற காலை,
அறுபதடியும் தாண்டி ஒரு புல்தூருக்குள்
ஒரே குழியிலிருந்து நாலு நாவல்முளை,
பேச்சிப்பாறை பஸ்ஸில்
ஒரே சீட்டில் நாலுபேர் உட்கார்ந்ததுபோல்.
யாரும் எறிந்ததல்ல. சேர்த்து வைத்தது.
நாளைக்கென்று வைத்தவளுக்கு
நாளை வரவில்லை.

நோட்டில் இரண்டே பத்தி:
தின்றது, மிச்சம்.
இதை எதில் எழுத?
வழி மறித்ததும் அவள்தான்,
மரத்தைத் தூக்கிவந்து
புல்லின் நடுவீட்டில் வைத்ததும் அவள்தான்.
பென்சிலால் மூன்றாவது கோடு போட்டேன்.
தலைப்புக்குச் சொல் கிடைக்கவில்லை.

இன்று பார்க்கையில் நாலில் ஒன்று
கழுத்தறுந்து கிடந்தது,
வெட்டு புதிது, சாறு காயவில்லை.
ஊதா இல்லாத யாரோ.

மூன்று என்று எழுதினேன்.
வியாழன் வாய்தா.
ஏழு மணிக்கு வின்ச் இறங்கும்,
அதற்குள் கூண்டுகளைக் கழுவ வேண்டும்.