ஏழாம் மாடி

பத்தொன்பது வருடம்
பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்த தண்ணீர்.
லண்டனுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டுத் தான்மட்டும்
முள்கம்பிக்குள் கிடந்தது.
‘உள்ளே வராதே’ பலகையின்மேல்
எழுத்தறியாத சாம்பல் நாரை
தினமும் வந்து உட்காரும்.

இன்று கதவைத் திறந்துவிட்டார்கள்.
குல்டென் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

கிட்டே போனால் நீலமில்லை.
தேயிலை ஊறின நிறம், சேற்று வாடை.
போன வருடம் நட்ட நாணலுக்குள்
ஏதோ ஒன்று முனகியது, முகம் காட்டவில்லை.
மேலேயிருந்து பார்த்தால் தெரிந்திருக்கும்.

காவலர் பெர்சிவல்
வேலை போன சாவிக்கொத்தை
இன்னும் இடுப்பில் குலுக்கியபடி
“குழந்தை வண்டி போகலாம்,
நாய்க்குத்தான் அனுமதியில்லை” என்றார்,
யாரும் கேட்காமலே.

நெற்றியோரம் சுருள்முடி தொங்க
கறுப்புக் கோட்டுப் பையன்கள் இருவர்
வாத்துகளை எண்ணத் தொடங்கி
முப்பத்தொன்றா இரண்டா என்று
சண்டையில் முடித்தார்கள்.
முங்கிப்போன ஒன்று
அதற்குள் வேறெங்கோ எழுந்தது.

பாதி வழியில் அவள் திரும்பினாள்.
அக்கரையில் கட்டடம்.
அடியிலிருந்து விரல்விட்டு எண்ணி
ஏழில் நிறுத்தினாள்.
இவ்வளவு சின்னதா அந்த ஜன்னல்!

விளக்கு எரிகிறது.
குழாயை மூடினோமா என்று
நினைவில்லை.