பயனாளிகள்

மூடிய பள்ளிக்கூடத்தின் ஒரே அடுப்பைச் சுற்றி
ஏழு பேர், ஒரு மடிக்கணினி.
வெளியே ராச்சா மலைமேல் பிப்ரவரி.
ஆற்றின் இரைச்சல்
அழைக்காமலே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

திட்டத்தின் பெயர்?
'பாலம்' என்றான் கோச்சா.
எட்டுச் சொல்லாவது வேண்டுமாம்.
'போன ஏப்ரலில் ஆறு கொண்டுபோன பாலத்தைத் திரும்பக் கட்டுவது'
எண்ணினேன், ஏழுதான்.
'தயவுசெய்து என்று சேர்த்துக்கொள்'
என்றாள் சியூரி.

சொந்தப் பங்களிப்பு, இருபது விழுக்காடு, யூரோவில்.
மரம் எங்களுடையது. முதுகுகள் எங்களுடையவை.
லேரியின் டிராக்டர், அது கிளம்பும் நாட்களில்.
(கிளம்பும் நாட்களில் என்பதை அழித்துவிட்டேன்.)
வேலை செய்பவர்களுக்கு நூறு லிட்டர் ஒயின்:
அதை எந்தத் தலைப்பில் போடுவது?
நெடுநேர விவாதத்துக்குப் பின்
எரிபொருள்.

திட்டத்துக்கு நேரக்கூடிய இடர்களை விவரிக்கவும்.
யாரும் வாய் திறக்கவில்லை.
ஆறுதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பயனாளிகள் எத்தனை பேர்?
நாற்பத்தொன்று.
ஐம்பதுக்குக் குறைந்தால்
அடுத்த பக்கம் திறக்காது.

குதாயிசிக்குப் போன ஆறு பேரைச் சேர்,
ஆகஸ்ட் திருவிழாவுக்கு வருகிறார்களே.
தபால்காரியைச் சேர்.
அக்கரையில் நின்று கத்திக் கேட்டே
காய்ச்சலுக்கு மருந்து சொல்கிற டாக்டரைச் சேர்.
'பாக்ராத்தை?' என்றது ஒரு குரல்.
டிசம்பரில் கயிற்றுத் தொட்டியில் ஏற்றி
அக்கரைக் கல்லறைக்கு அனுப்பினோம் அவரை,
பெட்டி ஒருமுறை தண்ணீரைத் தொட்டது.
'அவருக்கு எதற்கு இனிப் பாலம்'
என்றாள் அவர் மனைவி.
'எனக்குத்தான் வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமைகளில்.'
அவளை ஏற்கெனவே எண்ணியாயிற்று.

நாற்பத்தொன்பது.
ஆட்டை எழுதலாமா, பொய் சொல்லலாமா,
பேட்டரி பதினொரு விழுக்காடு.

மகுவாலா எழுந்து
அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினாள்.
முதுகைக் காட்டியபடியே சொன்னாள்:
'ஐம்பது என்று போடு.'
அவள் கணவன் லேரி
விரல் விட்டு முதலிலிருந்து எண்ணினான்.
'நாற்பத்தொன்பதுதானே வருகிறது?'
'ஐம்பது. செப்டம்பரில்.'

எண்ணி முடித்த விரல்
மடங்க மறந்து நின்றது.
சியூரி மட்டும்
'எனக்குத் தெரியும்' என்றாள்,
தெரிந்திருக்க வழியில்லை.

அடுத்த பக்கம் திறந்தது.
பணி நிறைவடையும் நாள்?
தேர்வுக்குழு கூடுவதே ஜூனில்தான்.
சிமென்ட் மேலே வந்துசேர இன்னொரு மாதம்.
எனக்குத் தெரியாததல்ல.
யாரையும் கேட்காமல் எழுதினேன்:
ஆகஸ்ட் முப்பத்தொன்று.