வரும்போது

ஔலு நகரத்தில் டிசம்பர் என்றால்
மத்தியானம் இரண்டு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும்.
ஹெட்செட் அழுத்திய தடம்
இன்னும் காதோரம் இருக்கிறது.
அவசர எண்ணில் மணி அடித்தால்
பத்து வினாடிக்குள் நான் எடுத்தாக வேண்டும்.
முகவரி சொல்லுங்கள். மூச்சு இருக்கிறதா. கதவு திறந்திருக்கிறதா.
இன்றைக்கு எழுபத்து மூன்று பேர்.
கடைசி ஆள் முகவரியில் பாதிதான் சொன்னார்:
பாலம் தாண்டி, மஞ்சள் வீடு.

பூட்ஸைக்கூடக் கழற்றாமல் டிவியைப் போடுகிறேன்.

அங்கே என் முதுகில் ஒரு ஜன்னல் கண்ணாடி.
நான்கடிக்கு மூன்றடி,
மூலைகளில் கம்பளித் துண்டு வைத்துக் கட்டியது.
மலைக்கு அந்தப் பக்கம்
வாத்து வளர்க்கும் ஒருத்தியின் வீட்டில் ஜன்னல் உடைந்து கிடக்கிறது.
என்றைக்குள் வேண்டும் என்று அவள் எழுதவில்லை.
"வரும்போது கொண்டு வாருங்கள்."
அந்த ஒரு வரியை முதல் நாள் மூன்று தடவை படித்தேன்.
வரும்போது.
என்னிடம் யாரும் அப்படிச் சொல்லி எத்தனை வருடம்!

காற்று பக்கவாட்டில் அடித்தால் கண்ணாடி பாய்மரமாகிவிடும்,
நண்டு மாதிரி நடக்க வேண்டும்.
சரிவில் இரண்டு ஆள்காட்டி விரலையும் அழுத்திக்கொண்டே
ஒவ்வொரு எட்டாக எடுத்து வைக்க வேண்டும்.
நேற்று ராத்திரி முழுக்க ஒரு கூழாங்கல் மேட்டைத்தான் ஏறினேன்.
ஏறி முடித்த பிறகு தெரிந்தது
பாதை அந்தப் பக்கமே இல்லை.
அபராதம் கிடையாது, சிவப்பு விளக்கு கிடையாது.
இறங்கும் வழியில் ஒரு ஊற்று.
நான் குனிந்து பார்த்ததும்
வரைபடத்தில் சின்னதாய் ஒரு நீலப் புள்ளி விழுந்தது.

உட்காருவதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது இதில்.
உட்கார்ந்தால் எதுவும் நடக்காது.
முதுகுக் கண்ணாடியில் மேகம் மட்டும் போகும்.

ஓஸ்மோ நகரப் பேருந்து ஓட்டுகிறவன்.
சோபாவில் பாதித் தூக்கத்தில் கேட்கிறான்,
"யாரும் சுட மாட்டார்களா?"
மாட்டார்கள்.
"விழுந்தால்?"
எழுந்திருப்பேன்.
"கண்ணாடி உடைந்தால்?"
கடைக்காரர் வேறொன்று வெட்டித் தருவார். அதுவரை காபி தருவார்.
"வேலை முடிந்து வந்து இன்னொரு வேலையா!
என் ஆறாம் நம்பர் ரூட் மாதிரியே இருக்கிறது."
போர்வையை இழுத்துக்கொண்டான்.
கொஞ்ச நேரம் கழித்து, எழுந்து உட்கார்ந்து,
"சரி, அந்தப் பாறைக்குப் பின்னால் என்ன?"

ராத்திரி ஒரு மணிக்கு
இரண்டு பேரும் அந்தப் பாறையைச் சுற்றிப் போனோம்.
ஒன்றுமில்லை. ஒற்றைப் பூட்ஸ் கிடந்தது.
அதற்கு நாடாகூட வரைந்திருந்தார்கள்,
ஒரு முனை பிரிந்து, சேறு ஒட்டி.
எந்த அலுவலகத்திலோ, யாரோ,
இந்தப் பக்கம் எவரும் வரப்போவதில்லை என்று தெரிந்தே
ஒரு முழு நாள் உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும்.
ஓஸ்மோ சிரித்தான். பிறகு தூங்கிவிட்டான்.

எங்கள் அறையில் ஒரு பெரிய திரை உண்டு.
ஆம்புலன்ஸ் அதில் ஒரு புள்ளி.
பாலம் தாண்டி, மஞ்சள் வீட்டில் புள்ளி நின்றது.
நின்றால் என் பங்கு முடிந்தது, அடுத்த மணி.
கதவை யார் திறந்தார்கள்,
அவர் பேசினாரா,
ஒன்பது வருடமாக எந்தக் கதவுக்குப் பின்னாலும்
நான் போனதில்லை.

மூன்றரை மணிக்கு வாத்துக்காரி வீட்டை அடைந்தேன்.
உள்ளே வரச் சொன்னாள்.
கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி,
ஓரமெல்லாம் கட்டைவிரலால் மக்கு பூசி,
விலகி நின்று பார்த்து,
தன் மூச்சு படிந்த இடத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள்.
முழுசாக நாலு நிமிடம்.
தாண்டிப் போகவும் ஒரு பொத்தான் இருந்தது.
நான் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பனி வாரும் வண்டி
எங்கள் தெருவுக்குள் திரும்பும் சத்தம்.
ஏழு மணிக்கு ஷிப்ட்.
வாத்துக்காரி ஒரு சின்னப் பொட்டலம் நீட்டுகிறாள்,
ஆற்றங்கரைத் தபால்காரனுக்காம்.
அவசரமில்லையாம்.

பூட்ஸிலிருந்து உருகிய பனி
தரையில் ஒரு குளமாகியிருக்கிறது.
அதைத் துடைக்கவும் எழுந்திருக்கவில்லை இன்னும்.