சாம்பல் ஒன்றல்ல

ஸ்ரான்லி வீதியில் முப்பத்தோராயிரத்து ஐந்நூறு.
இருபத்திரண்டு அங்குலம். பெட்டியின் மேல்
ஒரு மயில் தோகை விரித்து நிற்கிறது.
"ஏழு நாளுக்குள்ள எண்டால் மாத்தித் தருவன் அக்கா,
பிறகு என்னைப் பேசக்கூடாது" என்றார் ரெஜினோல்ட்.
கொக்குவில் சந்தி வரை ஓட்டோவில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
குழி வந்தபோதெல்லாம் இரு கையாலும் தூக்கி.

மயிலை நம்புகிற வயது போய்விட்டது.
முதல் அரைமணித்தியாலம் சும்மா எரியவிட்டேன்.
சூடேறாத திரை
பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி,
எல்லாவற்றுக்கும் சிரிக்கும்.

பிறகு யன்னலைச் சாத்தி, ரியூப் லைற்றை அணைத்து,
வைஃபை பெட்டியின் பச்சைக் கண்ணுக்கு மேல்
ஒரு பிளாஸ்ரர் ஒட்டி,
திரை முழுக்கக் கறுப்பைப் போட்டேன்.

கறுப்பு வரவில்லை.
கீழே வலது மூலையில்
யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் போனது போல
வெளிச்சம் கசிந்தது,
சாயம் குறைந்த தேத்தண்ணி நிறத்தில்.
தலையை இடம் வலமாக அசைத்தேன்.
கூடவே நகர்ந்தால் அது பார்க்கும் கோணத்தின் பிழை,
மன்னிக்கலாம்.
நகரவில்லை. சட்டம் நெரிக்கும் இடத்தில்
நெரிபட்டபடி இருந்தது.

போனில் படமெடுத்து அனுப்பினேன்.
போனுக்கு எதையும் பெருக்கிச் சொல்லும் வாய்:
படத்தில் அந்த மூலை தீப்பற்றி எரிந்தது.
"எல்லாத்திலையும் உது இருக்கும் அக்கா.
உந்த விலைக்கு வேற என்ன?
இருட்டுக்க இருந்து கறுப்பைப் பாக்கவோ
ஆரும் மொனிற்றர் வாங்குவினம்?"

நியாயம்தான். மூன்றாம் நாள்
சாம்பலுக்கு மாறினேன்.
சாம்பல்தான் கள்ளனைப் பிடிக்கும்.
ஒரே எண் கொடுத்த ஒரே சாம்பல்,
இடப்பக்கம் மழை வரப்போகிற மாதிரி,
வலப்பக்கம் பெய்து முடிந்த மாதிரி.
நடுவைச் சரி என்று வைத்துக்கொண்டேன்.
வைத்தது யார்? நான்தான். எங்கோ ஓரிடத்தில்
வைக்காமல் அளக்க ஏலாது.

பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால்
வித்தியாசம் இல்லாமல் போகிறது.
திரை திருந்தவில்லை, கண் சமாதானமாகிவிட்டது.
வெளியே போய் ரயில் கடவையில்
கேற் திறக்கும் வரை நின்றுவிட்டு வந்தேன்.
திரும்பவும் இரண்டு சாம்பல்.

ஐந்தாம் நாள் ஒரு கன்னத்தை வெட்டியெடுத்தேன்.
துஷாயினியின் கன்னம். கோண்டாவில் கலியாணம்,
அல்பத்தில் பதினேழாம் பக்கம்.
மவுசால் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.
இடக்கரையில் வெயிலில் நின்று வந்தவள்,
நடுவில் அவளுடைய நிறம்,
வலது மூலையில்
தாய் கேட்ட நிறம்.

"முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கிவிடுங்கோ பிள்ளை,
கனடாவிலை எல்லாரும் பாப்பினம்."
எல்லாத் தாய்மாரும் கேட்பதுதான்.
பதினொரு வருடமாக அந்தக் கோட்டை
வலப்பக்கம் தள்ளித் தள்ளி
சுட்டுவிரலில் ஒரு காய்.

ஆறாம் நாள் இருவரும் வந்திருந்தார்கள்.
படத்தைச் சின்னதாக்கி, ஒன்றும் பேசாமல்,
வலது மூலைக்குக் கொண்டுபோய் விட்டேன்.
"ஆ, இப்பதான் சரி" என்றா தாய்.
கைப்பையைத் திறந்து மிச்சக் காசை எண்ணத் தொடங்கினா.
நான் கை வைக்காத படம்
அச்சுக்குப் போய்விட்டது.
பொய் சொன்னேனா? சொன்னது மொனிற்றர்.
முப்பத்தோராயிரத்து ஐந்நூறுக்கு
அது இவ்வளவுதான் சொல்லும்.

துஷாயினி மட்டும் கதிரையில் இருந்தபடி
தலையை மெல்ல இடப்பக்கம் சாய்த்தாள்,
பிறகு வலப்பக்கம்.
பிறகு என்னைப் பார்த்தாள்.

இன்றைக்கு ஏழாம் நாள்.
ஐந்தரைக்கு ரெஜினோல்ட் கடை பூட்டுவார்.
பெட்டி மேசைக்குக் கீழே கிடக்கிறது,
மயில் சுவரைப் பார்த்தபடி.