கீழ்ப் படுக்கை, எண் பதினேழு

கரகண்டாவில் ரயில் ஏறுமுன்
ஆறு மணி நேரம் உனக்குச் சாப்பாடு கிடையாது.
மருத்துவர் சொன்னது.
எனக்கும் இரண்டு நாளாய் இறங்கவில்லை,
அது யாரும் சொல்லி அல்ல.

கூண்டுப் பைக்குள் விரித்திருப்பது
துவைக்காத என் கம்பளிச் சட்டை.
வீட்டு வாசம் இருந்தால் பயப்படாது என்றார்.
எந்த வீடு என்று கேட்கவில்லை, நல்ல மனிதர்.

நடத்துனர் சௌலே
உன் தடுப்பூசிப் புத்தகத்தைப் புரட்டினாள்.
இனம்: பூனை. பெயர்: இரிம்ஷிக்.
பைக்குள் குனிந்து பார்த்து,
"ஆமாம், பால்கட்டி நிறமேதான்" என்று சிரித்தாள்.
உரிமையாளர்: தௌரென்.
விரல் அந்த இடத்தில் நின்றது.
"இது யார்?"

உனக்கு ஊசி போட்ட அன்று
காருக்குள் உட்கார்ந்து
போன் பேசிக்கொண்டிருந்தவர்
என்று சொல்லியிருக்கலாம்.
"கையெழுத்துப் போட்டவர்" என்றேன்.
அவள் என்னைப் பார்த்தாள்,
என் ஒற்றைப் பெட்டியைப் பார்த்தாள்,
"வெந்நீர்க் குழாய்ப் பக்கம் வைக்காதே, சுடும்"
என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

மோயின்டி வரும்வரை கத்தினாய்.
கத்தல் என்றால்,
பழைய கதவொன்றை யாரோ
நிறுத்தாமல் திறந்து திறந்து மூடுவதுபோல.

"திறந்து விடுங்களேன், பாவம்"
என்றாள் எதிர்ப் படுக்கை அல்தினாய்,
ஏழு வயது, முன்பல் இல்லை.
பாவம்தான்.
ஆனால் யாராவது தேநீர் வாங்கப் போவார்கள்,
கதவு ஒரு சாண் விலகும்,
நிலையத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவர் இறங்குவார்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
தந்திக் கம்பம் தவிர
நிற்பதற்கு எதுவுமில்லாத வெண்வெளி.
அதில் உன்னை எந்தப் பெயர் சொல்லி
எந்தத் திசையில் நின்று கூப்பிடுவது?

திறக்கவில்லை.
வலைக்குள் இரண்டு விரல் விட்டேன்.
கடித்தாய். சரி, கடி.

சாரி-ஷகானில் இரவு இரண்டரை.
போர்வை முக்காட்டோடு பெண்கள் ஏறினார்கள்,
கையில் கோத்த புகைமீன்,
பல்காஷ் ஏரியே பெட்டிக்குள் ஏறியதுபோல் வாடை.
நீ சட்டென்று நிறுத்தினாய்.
பிறகு எழுப்பினாய் பார் ஒரு குரல்,
மூன்று வருஷத்தில் நான் கேட்டிராத குரல்.
மேல் படுக்கையில் சிப்பாய்ப் பையன்
தூக்கத்திலேயே சிரித்தான்.

மீன்காரி குனிந்து உன்னைக் கண்டாள்.
"என் சரக்குத்தான், ஆனாலும் சொல்கிறேன்,
இதுக்குக் கொடுத்துவிடாதே. முழுக்க உப்பு."
பிறகு என் முகத்தைக் கண்டாள்.
"நீ தின்னு."

உனக்கு எட்டாத தூரத்தில்,
நடைபாதை ஜன்னலோரம் நின்றுகொண்டு
முள்ளோடு ஒரு முழு மீன் தின்றேன்.
கை வழியே எண்ணெய் வழிந்தது.
துரோகிபோல் இருந்தது. பசித்தது.
இன்னொன்று வாங்கினேன்.

ஷூ நிலையத்தில் சிக்னல் வந்தது.
தௌரெனிடமிருந்து ஒரே ஒரு செய்தி:
"அந்தப் பையின் ஜிப் தானாகக் கழன்றுவிடும்.
ஊக்கு குத்து."
மூன்று ஊக்கு ஏற்கெனவே குத்தியிருந்தேன்.
எண்ணிப் பார்த்தேன்,
ஏனோ, மறுபடியும் எண்ணினேன்.
பதில் எழுதவில்லை.

அல்மாத்தியில் மலை தெரியவில்லை, புகைமூட்டம்.
தஸ்தாக்கில், நான்காம் மாடியில், வாடகை அறை.
முதலில் கதவைச் சாத்தினேன்.
ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தேன்.
கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்தைப்
பெட்டியால் அடைத்தேன்.
மண் தட்டு ஒரு மூலை, தண்ணீர் ஒரு மூலை.
அப்புறம்தான் ஊக்குகள்: ஒன்று, இரண்டு, மூன்று.
ஜிப்பை முழுதாகத் திறந்து
தள்டி உட்கார்ந்தேன்.

நீ வெளியே வரவில்லை.
என் சட்டைக்குள் மூக்கைப் புதைத்து
இரண்டு கண்ணால் அறையைப் பார்த்தாய்.

அவசரமில்லை, இரிம்ஷிக்.
நானும் இன்னும்
கோட்டைக் கழற்றவில்லை.