மூன்று விலைப்புள்ளி

மார்ச் பதினெட்டு.
முப்பத்தொன்றுக்குள் செலவாகாத பணம்
கொள்ளிடத்து வெள்ளம்போல
யாருக்கும் ஆகாமல் கடலுக்குப் போய்விடும்.

மேசையில் நூற்று நாற்பது பரிந்துரைச் சீட்டுகள்.
ஐந்து துறைகள் ஒரே நூலைக் கேட்கின்றன,
ஐந்து விதமான எழுத்துப் பிழைகளோடு.
ஒன்றில் நூலின் பெயரே இல்லை.
'நீல அட்டை, போன வருசம் பார்த்தேன்'
அவ்வளவுதான்.
அதையும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இயற்பியலுக்கு ஓர் ஆய்விதழ்.
அதன் ஓராண்டுச் சந்தாவில்
வரலாற்றுத் துறைக்கு ஆறு வருடம் நூல் வாங்கலாம்.
சந்தா நின்றால்
இதுவரை படித்ததையும் சேர்த்துப் பூட்டிக்கொள்வார்கள்.
'நிலம் வாங்குகிறோமா சார், குத்தகைக்கு எடுக்கிறோமா?'
குழுவில் கேட்டேன்.
இருதயராஜ் சார் சிரிக்கவில்லை.
'என் பிள்ளைகளுக்கு அது சோறும்மா' என்றார்.
அதுவும் உண்மைதான்.

தலைமடையில் திறக்கும்போது
பணம் நிறையத்தான் தெரிகிறது.
பொறியியல், மேலாண்மை, கணினி என்று
பாய்ந்து பாய்ந்து
வரலாற்றுக்கு வரும்போது கணுக்கால் நனையாது.
நான் இடும்பாவனத்துக்காரி.
இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை.

அன்று மதியம் அமுதவல்லி வந்தாள்,
ஆய்வு மாணவி,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கைப்பேசியை நீட்டினாள்.
கூத்தாநல்லூர், சிக்கந்தர் பழைய பேப்பர் கடை,
தராசுக்குப் பக்கத்தில்
நூல் கட்டிய பதினொரு குறிப்பேடுகள்.
வெண்ணாற்றுக் கிளை வாய்க்காலில்
யாரோ ஒரு லஸ்கர் எழுதியது.
தேதி, ஷட்டர், எத்தனை அங்குலம், மழை.
ஓரத்தில் இப்படியும்:
'ஐப்பசி 9. ராத்திரி பலகையைத் தூக்கிவிட்டார்கள்.
யாரென்று தெரியும். எழுதவில்லை.'

விலை?
'கிலோ பதினாறு மேடம்.
நாளன்னிக்கு லாரி வருதாம்.'

விதி சொல்கிறது:
எதை வாங்கினாலும் மூன்று விலைப்புள்ளி.
உலகத்தில் ஒரே ஒரு பிரதி உள்ள பொருளுக்கு
மூன்று கடையில் விலை கேட்க வேண்டும்.
துணை நூலகர் செங்கமலவல்லி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:
'விலைதானே கேட்கச் சொல்கிறது?
பொருள் மூன்று கடையிலும் இருக்கணும்னு
எங்கேயாவது எழுதியிருக்கா?'

லட்சுமாங்குடியில் பதினேழு என்று எழுதிக் கொடுத்தார்கள்.
கொரடாச்சேரியில் பதினைந்து.
குறைந்த விலைக்குத்தான் ஆணை போகும்.
அதாவது
குறிப்பேடுகள் இல்லாத கடைக்கு.
சிக்கந்தரைத் தொலைபேசியில் கூப்பிட்டு
நிலைமையைச் சொன்னேன்.
நெடுநேரம் சிரித்தார்.
பிறகு பதினான்குக்கு இறங்கினார்.
'ரெண்டு ரூபா போகட்டும்.
பில்லுல என்னன்னு போடட்டும்? பேப்பரா, புத்தகமா?'

நான்கு கிலோ அறுநூறு.
அறுபத்து நான்கு ரூபாய் நாற்பது காசு.
அமுதவல்லி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.
மகளிர் பேருந்து, வண்டிச் செலவு இல்லை.

சேர்க்கைப் பதிவேட்டில் எழுதினேன்.
ஆசிரியர்: கையொப்பம் தெளிவில்லை.
பதிப்பகம்: கோடு.
பக்கம்: கரையான் தின்றது போக முந்நூற்றுப் பன்னிரண்டு.
அதற்கு மேல் வரியில் இயற்பியல் இதழ்,
விலையில் ஆறு இலக்கம்.
இரண்டுக்கும் ஒரே முத்திரையைத்தான் குத்தினேன்,
மை அதற்குக் கொஞ்சம் கூடுதலாகப் பட்டது.

ஆகஸ்டில் தணிக்கை.
எடை போட்டு வாங்கிய நூல் என்பதால்
எடை போட்டே பார்த்தார்கள்.
நான்கு கிலோ நானூற்றைம்பது.
'நூற்றைம்பது கிராம் குறைகிறது. விளக்கம் தருக.'

ஐந்து மாதமாகக் குளிர்பதன அறையில் இருக்கிறது.
ஒரு தாளும் போகவில்லை, எண்ணிவிட்டேன்.
பதிலை மூன்று முறை எழுதிக் கிழித்து
நாலாவதாக அனுப்பினேன்:

குறைந்தது
தண்ணீர்.